மேலே இருந்த மூன்று கிளாம்ப்

சுவரில் துரு வடிந்த கோட்டைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மல்லசமுத்திரத்தில் போர்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்காத உப்பு. குழாய் கசிகிற இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்துபோகும், இரும்பு இருக்கிற இடமெல்லாம் சிவப்பாக வடியும். எங்கள் வீட்டின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை பதினான்கு இடத்தில் அப்படி வடிந்திருந்தது. யாரோ வெற்றிலை போட்டுவிட்டு வரிசையாகத் துப்பிவிட்டுப் போன மாதிரி இருக்கும். 'சுவத்துக்குப் பவுடர் போடறவ' என்று வீட்டுக்காரர் இளஞ்செழியன் என்னைக் கேலி செய்வார். செய்யட்டும். நான் அப்படித்தான்.

அந்தத் துருவுக்குக் காரணம் தண்ணீர்ப் பைப்பைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப்புகள். அவற்றைச் செய்து மாட்டியவன் என் கொழுந்தன் அன்பு. அடுத்த தெருவில் இருக்கிறான். திருச்செங்கோட்டில் லாரிக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கும் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கடையில் விற்கிற கிளாம்ப் அவன் கண்ணுக்குக் கிளாம்ப்பாகவே தெரியாது. நாங்கள் வீடு கட்டிய வருஷம், "இதென்னுங்க அண்ணி, கையில அழுத்துனா நசுங்குது" என்று சொல்லிவிட்டு, பட்டறையில் மிஞ்சிய கனத்த பட்டையை வெட்டி வளைத்துப் பதினான்கு கிளாம்ப் அடித்துக்கொண்டு வந்தான். ஒரு மாட்டைக் கட்டி வைத்தாலும் அசையாது.

அவ்வளவு கனம் எதற்கு என்றால், ஏறுவதற்கு. தண்ணீர்த் தொட்டி மாடிப்படி அறையின் தலைமேல் இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து எட்டடி உயரம், ஏணி கிடையாது. எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். பைப்பைப் பிடித்துக்கொண்டு கிளாம்ப்பில் கால் வைத்து ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஏறுகிறவன் அன்பு மட்டும்தான். மேலே இருந்த மூன்று கிளாம்ப் அவனுக்குப் படிக்கட்டு. கீழே குனிந்து பார்க்கக்கூட மாட்டான், கால் தானாகப் போய் உட்காரும். தை பிறப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் வந்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பைப்புக்கும் இரும்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகிவிட்டுப் போவான். நான் கீழே நின்று, "சொட்டு உழுகாம அடி அன்பு" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. குடிப்பான். சம்பளத்தன்று காணாமல் போய் மூன்றாம் நாள் வருவான். அவன் மனைவி ஜோதி நூல் மில்லில் ஷிப்டு பார்த்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். போன வருஷம் அவள், "இனி ஒரு தடவை குடிச்சீங்கன்னா நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சில்ல" என்று சொல்லி, அவனை முனியப்பன் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கையில் கயிறு கட்டவைத்தாள். அன்றிலிருந்து அவன் தொடவில்லை. ஊரே ஆச்சரியப்பட்டது. நானும்தான்.

இந்த நிலையில் என் மகள் நிலாவுக்குச் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அமுதவல்லி, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று காரிலிருந்து இறங்கியதும் அவர் அண்ணாந்து பார்த்தது எங்கள் சுவரின் துருக் கோடுகளைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பெயிண்டருக்குச் சொல்லிவிட்டு, பிளம்பர் மாதேஷை வரவழைத்தேன். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், ஒரு கிளாம்ப்பை ஆட்டிப் பார்த்தான்.

"எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் போட்டரலாங்கக்கா. துருங்கற பேச்சே இருக்காது. ஆனா மேல மூணு மட்டும் இரும்பாவே இருக்கட்டுமுங்க. அன்பண்ணன் அதுல கால் வெச்சுத்தானுங்களே ஏறுவாரு."

"பதினொண்ணு வெள்ளையா, மூணு துருவா? தேமல் உழுந்த மாதிரி இருக்கும். எல்லாத்தையும் மாத்து."

"பிளாஸ்டிக்கு பைப்பைத் தாங்குமுங்க. ஆளைத் தாங்காதுங்க."

"அன்புகிட்ட நான் சொல்லிக்கறேன் போ."

"மறந்துறாதீங்கக்கா."

"சொல்றேன்னு சொன்னனில்ல?"

மாதேஷ் ஒரே நாளில் மாற்றிவிட்டான். பழைய ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, புது ஓட்டை போட்டு, வெள்ளை வெளேரென்று பதினான்கு கிளாம்ப். மேலே பெயிண்ட் ஏறியதும் பைப் எது, சுவர் எது என்று தெரியவில்லை, கிளாம்ப் மாறியது வீட்டுக்காரர் கண்ணில்கூடப் படவில்லை. எனக்கு அப்படி ஒரு திருப்தி. கழற்றிய இரும்பை அன்றைக்கே தெருவில் வந்த பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

போட்டபிறகுதான் சங்கடம் பிடித்தது. அன்பு தன் கையால் அடித்துக் கொண்டுவந்ததை, வருஷா வருஷம் தேய்த்து வைத்ததை, ஒரு வார்த்தை கேட்காமல் எடைக்குப் போட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த வாரக் கடைசியில் அவன் பட்டறைக்குப் போகிற வழியில் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே அண்ணாந்து பார்த்தான்.

"பெயிண்டு ஜம்முனு இருக்குதுங்க அண்ணி. கிளாம்ப்புக்கும் சேர்த்து அடிச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். இல்லை தம்பி, மாற்றிவிட்டேன், ஏறாதே என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவன் சிரித்துக்கொண்டே வண்டியை முறுக்கிக்கொண்டு போனான்.

நிச்சயதார்த்தம் புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு நாமகிரிப்பேட்டைப் பக்கம் பங்காளி வீட்டில் கெடாவெட்டு. வீட்டுக்காரரும் மற்ற ஒறம்பரைச் சொந்தங்களும் வேன் பிடித்துப் போனார்கள். நிலா ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்கத் திருச்செங்கோடு போயிருந்தாள். ஜோதிக்கு ஷிப்டு. நான் முறுக்குச் சுடுவதற்காக வீட்டோடு இருந்தேன். நாலு மணி வாக்கில் அன்பு மட்டும் தன் வண்டியில் முன்னாலேயே திரும்பி வந்தான். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மோர் கேட்டான்.

"ஏன் தம்பி, வேன் வரலையா?"

"அங்க ஆளாளுக்கு டம்ளரை நீட்டறாங்க அண்ணி. கறிக்கொழம்பை மட்டும் ஒரு புடி புடிச்சுட்டு ஓடியாந்துட்டனுங்க. வேணும்னா ஊதிக் காட்டட்டுங்களா?" ஊதியும் காட்டினான். மோர் வாசம்தான். "இன்னையோட பதினொரு மாசமுங்க. ஜோதி ஷிப்டு முடிஞ்சு வந்ததும் சொல்லோணும். இன்னைக்குத் தாண்டுனது பெரிய விசயமுங்க அண்ணி."

"நல்லா இரு சாமி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்றைக்கு நல்ல தண்ணீர் வந்த நாள். தொட்டி நிறைந்து வழிந்து, புதுப் பெயிண்டின்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "அன்பு, உள்ள இருக்கற பந்து சிக்கிக்கிச்சாட்ட இருக்குது. சித்தெ மேல போய் என்னன்னு பாரு" என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான்.

அப்போது போன் அடித்தது. அமுதவல்லி. தட்டுவரிசை எத்தனை, எத்தனை பேர் வருவார்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்புவின் காலடிச் சத்தம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது என் காதில் விழுந்தது. அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லலாம், எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு நிமிஷம் இருங்கள் என்று போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். புதுச் சம்பந்தியிடம் எப்படிப் பேச்சை வெட்டுவது என்று தயங்கினேன். அவன் இரும்போடு புழங்குகிறவன், கிட்டப் போனால் தெரியாதா என்று நினைத்தேன். "பதினொரு தட்டுங்க" என்று அமுதவல்லிக்குப் பதில் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, மேலே தொப்பென்று சத்தம் கேட்டது.

மல்லாந்து கிடந்தான். இரண்டு கிளாம்ப் உடைந்து, பைப் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பாதம் திரும்பியிருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை. பக்கத்து வீட்டுத் தெய்வநாயகியும் அவள் மகனும் ஓடிவந்து, ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கெடாவெட்டுக்குப் போனவர்கள் வேனோடு நேராக அங்கே வந்து இறங்கினார்கள். ஒருத்தரும் நிதானத்தில் இல்லை. என் வீட்டுக்காரரே நாலு டம்ளர் போட்டிருந்தார். கட்டிலைச் சுற்றி அவர்கள் நின்றதில் அறை முழுக்க வாடை. டாக்டர் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சிருந்தாரா?"

"கெடாவெட்டுக்குப் போயிட்டு வந்தாருங்க" என்றார் வீட்டுக்காரர். "பைப்பையே பிச்சுக்கிட்டு உழுந்திருக்கறானுங்க. எப்பவும் ஏறற இடந்தான். நெதானமா இருந்தா உழுவானுங்களா?"

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் குடித்திருந்தார்கள், படுத்திருந்தவன் மட்டும்தான் குடிக்கவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஜோதி மில் உடுப்போடு வந்தாள். யாரோ ஒருத்தர் வராந்தாவிலேயே அவளிடம் சொல்லிவிட்டார்கள். அழவில்லை. நர்சிடம் கத்தரிக்கோல் வாங்கி, மயங்கிக் கிடந்தவனின் மணிக்கட்டிலிருந்த கயிற்றை வெட்டி எடுத்தாள். "குடிச்ச கைக்குச் சாமி கயிறு எதுக்குங்கக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை. இன்னும் மூன்று நாளில் நிச்சயதார்த்தம். என் புத்தியில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அன்புவுக்கு நினைவு வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டது தெரிகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றான். தலையில் அடிபட்டால் அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். கெடாவெட்டு, மோர், ஊதிக் காட்டியது, எதுவும் அவனிடம் இல்லை. எல்லாம் என்னிடம் இருந்தது.

"குடிச்சீங்களா?" என்று ஜோதி கேட்டாள்.

"தெரியலியே ஜோதி" என்றான்.

புதன்கிழமை நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. "வீடு பளிச்சுன்னு இருக்குங்க" என்று அமுதவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எதற்காக அத்தனையும் செய்தேனோ அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. அன்று என்னால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மாதேஷ் பைப்பைச் சரிசெய்ய வந்தான். உடைந்த இடத்தில் கடை இரும்புக் கிளாம்ப்பை வைத்து முடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அன்பண்ணன்கிட்டச் சொன்னீங்களாங்கக்கா?"

"சொன்னேன். போதையில மறந்துட்டான்" என்றேன்.

நாக்கு கூசவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. மௌனமாக இருந்தது போய், இப்போது நானே என் வாயால் அவனைக் குடிகாரனாக்கிவிட்டேன். மாதேஷ் பாவம், தலையில் இருந்த கல்லை இறக்கி வைத்தவன் போல மூச்சு விட்டுவிட்டுப் போனான். நிச்சயம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தது, கால் கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்றாயிற்று. கட்டுப் பிரித்ததும், கல்யாணம் முடியட்டும் என்றாயிற்று. தினமும் அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். கோழிக்குழம்பு, ஆட்டுக்கால் சூப்பு. "அண்ணிக்கு எம்மேல எத்தனை பாசம்" என்று அவன் சொல்லும்போது அங்கேயே செத்துவிடலாம் போல இருக்கும்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் அன்புவைக் கூப்பிட்டுவிட்டார். ஊன்றுகோலோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வெல்டிங்குக்குப் போக முடியாமல் உடம்பு பாதியாகியிருந்தது.

"இங்க பாரு அன்பு. முகூர்த்தத்துக்கு வா. வந்து பின்னால ஒக்காரு. சித்தப்பன்னு சபையில முன்னால நிக்க வேண்டாம். சேலத்துக்காரங்க நாலு பேர் இருக்கற எடத்துல என்னத்தையாவது குடிச்சுப்போட்டு வந்து நின்னீன்னா, நம்ம மானம் போயிரும்."

நிலா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவன் அவன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சரிங்கண்ணா. நீங்க சொல்றது நாயமுங்க" என்றான். "என்னை நானே நம்ப முடியலீங்க. பதினொரு மாசம் இருந்தவன், ஒரே நாள்ல போயிட்டனே. நாளைக்கும் அப்படித்தான் போவனோ என்னமோ."

அவன் போனதும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "இப்ப எதுக்குக் கலைமணி? கல்யாணம் முடியட்டும். பொட்டாட்ட இரு, வாயைத் தொறக்காத" என்றார். நான் மூன்று மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்பு அதற்குள் தன் வீட்டுக்குத் திரும்பி, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஜோதி கீழே அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே மூன்று முழம்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதமாக ஜோதி அவனோடு பேசுவதில்லை என்று ஊருக்கே தெரியும்.

"வாங்கக்கா" என்றாள் ஜோதி.

"ஜோதி, அன்பு அன்னைக்குக் குடிக்கலை" என்றேன். உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று பயம். கிளாம்ப்பை மாற்றியது, மாதேஷ் படித்துப் படித்துச் சொன்னது, வாசலில் நின்று இவன் கேட்டதற்கு ஆமா என்றது, மோர் குடித்தது, ஊதிக் காட்டியது, போனில் பேசிக்கொண்டே ஏறவிட்டது, மாதேஷிடம் புளுகியது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன்.

ஜோதியின் கை வெங்காயத்தோடு அப்படியே நின்றது. "நான் அந்தக் கயித்தை வெட்டறப்ப நீங்க பக்கத்துலதானுங்கக்கா நின்னீங்க" என்றாள்.

"ஆமா."

"மூணு மாசமுங்க. சோத்தைப் போட்டுத் தட்டைத் தள்ளி உடுவேன். நாய்க்கு வெக்கறவங்ககூட ஒரு வார்த்தை சொல்லித்தான் வெப்பாங்க." வெங்காயத்தைக் கீழே போட்டாள். "போன வாரம் அவரே ஒத்துக்கிட்டாருங்களே. குடிச்சுத்தான் இருப்பேன், மன்னிச்சுக்க ஜோதின்னு கால்ல உழுகாத கொறையாச் சொன்னாரு. அதுக்கும் நான் வாயைத் தொறக்கலீங்களே."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் என்னால்தான்.

நான் அன்புவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதம் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. ஏன் கழற்றினாய் என்று கேட்பான், ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், என் பிழைப்பே போயிற்றே என்று கத்துவான். எல்லாவற்றுக்கும் பதில் இல்லாமல் நிற்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் கால் பக்கமே பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அப்ப நான் குடிக்கலைங்களா அண்ணி?"

"இல்ல சாமி. ஒரு சொட்டுத் தொடலை."

"நெசமாலுமா?"

"நெசமாத்தான்."

"அங்க யாராவது வற்புறுத்திக் குடுத்திருந்தா?"

"குடுத்தாங்க. நீ தொடாம ஓடியாந்துட்ட. எங்கிட்ட வந்து சொன்ன. ஜோதி வந்ததும் அவகிட்டச் சொல்லோணும்னு சொன்ன."

ஜோதி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க அண்ணி" என்றான்.